வீடு முழுக்கப் பொருள், மனசு முழுக்க மலைப்பு: எங்கிருந்து தொடங்குவது?

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டைச் சரி பண்ண வாரத்தில் கிடைக்கிற ஒரே நாள். நாற்காலி மேல் துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒன்றாகக் கிடக்கின்றன. டிவி ஸ்டாண்டில் சார்ஜர், மாத்திரை அட்டை, கரன்ட் பில் ரசீது, கல்யாணப் பத்திரிகை. கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. 'இன்னைக்கு எப்படியும் முடிச்சிடணும்' என்று எழுந்தவர், எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்து போனை எடுக்கிறார். போனில் வருவதோ, வெள்ளை அலமாரியில் ஒரே மாதிரி டப்பாக்கள் வரிசையாக நிற்கும் வீடியோ. பார்த்து முடிக்கும்போது மலைப்பு இன்னும் கூடியிருக்கும்.

இப்படி உட்கார்ந்துவிடுபவர்களுக்கு நம் வீடுகளில் கிடைக்கிற பட்டம் 'சோம்பேறி'. அந்தப் பட்டம் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். வீட்டில் குவிந்து கிடப்பவை பெரும்பாலும், யாரோ ஒருவர் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்த முடிவுகள். அத்தனை முடிவுகளையும் ஒரே நாளில், ஒரே ஆள் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்போது யாராக இருந்தாலும் மலைத்துத்தான் போவார்கள். முடிவுகளைச் சின்னதாக்கி, வீட்டில் இருப்பவர்களுக்குள் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி வைத்தால் வேலை நகரும். எப்படி என்று பார்ப்போம்.

இவ்வளவு எப்படிச் சேர்கிறது?

தருமபுரி மாவட்டம் அரூரை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் மஞ்சள், மரவள்ளி, கரும்பு, புளி. படித்த பிள்ளைகள் ஓசூர், பெங்களூரு, கோவை, சென்னை என்று வேலைக்குப் போய்விட்ட வீடுகள் இங்கே நிறைய. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போகிற வாழ்க்கை. அப்படி ஒரு வீட்டின் பரணில் ஏறிப் பார்த்தால், கடந்த முப்பது, நாற்பது வருஷக் கதை அடுக்கடுக்காக இருக்கும்.

அடியில் இருப்பது அம்மாவின் கல்யாணச் சீர்: பித்தளை அண்டா, குடம், எவர்சில்வர் தூக்கு. அதற்குப் பக்கத்தில் வருஷத்துச் சாமான் வைக்கிற பானையும் டின்னும் சாக்கும். புளியும் ராகியும் விளைகிற நேரத்தில் ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வாங்கி வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம்.

அடுத்த அடுக்கு, அரசு கொடுத்தது. 2006-ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. 2011-ல் வந்த அதிமுக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்தது. பல வீடுகளில் முதல் டிவியும் முதல் கம்ப்யூட்டரும் அவைதான். பழுதான பிறகும் தூக்கிப் போட மனசு வராமல் அவை பரணுக்குப் போயின.

அதற்கும் மேலே, 2020 ஊரடங்கின்போது பெங்களூரு ரூமைக் காலி செய்துவிட்டு வண்டியில் ஏற்றி வந்த அட்டைப் பெட்டிகள். உள்ளே குக்கர், தலையணை, இன்டர்வியூவுக்குப் படித்த புத்தகங்கள். 'நிலைமை சரியானதும் பிரிச்சுக்கலாம்' என்று வைத்தவை, டேப் கூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆன்லைனில் வாங்கிய பொருள்களின் காலி டப்பாக்கள். 'ரிட்டர்ன் பண்ணணும்னா வேணுமே' என்று வைத்தது. ரிட்டர்ன் தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

இதில் எதுவும் முட்டாள்தனமாகச் சேர்த்தது இல்லை. மழையை நம்பி வாழ்கிற ஊரில் பித்தளை அண்டா ஒரு சேமிப்பு. அவசரத்துக்கு அடகு வைக்கலாம், எடைக்குப் போடலாம். வருஷத்துப் புளி, விலை ஏறினாலும் குழம்பு கொதிக்கும் என்கிற நிம்மதி. ஒவ்வொரு பொருளும் உள்ளே வந்தபோது அதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தது கல்யாணத்துக்கு, தீபாவளிக்கு, அறுவடைக்கு. இப்போது வாரத்துக்கு ஒரு பார்சல் வருகிறது. உள்ளே வருகிற வேகம் பல மடங்கு கூடிவிட்டது. வெளியே போகிற வழி மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கிறது.

மலைப்பு எங்கிருந்து வருகிறது?

டிவி ஸ்டாண்டில் கிடக்கும் அந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுங்கள். கல்யாணம் முடிந்துவிட்டதா? மொய் எழுதினோமா? சாமி படம் போட்டிருக்கிறதே, குப்பையில் போடலாமா? ஒரு தாளுக்கே மூன்று கேள்வி. பக்கத்தில் இருக்கும் மாத்திரை அட்டைக்கு வேறு மூன்று. ஒரு ரூமில் இப்படி இருநூறு பொருள் இருந்தால், அறுநூறு கேள்விகள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கை சோர்வதற்கு முன்னால் மூளை சோர்ந்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

கண்ணுக்கு முன்னால் நிறைய இருப்பதே ஒரு சுமை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெபனி மெக்மெயின்ஸ், சபீன் காஸ்ட்னர் ஆகியோர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரே நேரத்தில் கண்ணில் படும் பல உருவங்கள் மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன என்று காட்டியது. அது சோதனைக்கூடத்தில் திரையில் காட்டிய உருவங்களை வைத்துச் செய்த ஆய்வு; வீட்டை அளந்த ஆய்வு இல்லை. ஆனாலும், நிரம்பி வழிகிற மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்கு அது சொல்ல வருவது புரியும்.

வீட்டுக்குள்ளேயே நடந்த ஆய்வும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளிடம் வீடியோ கேமராவைக் கொடுத்து, வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே பேசச் சொன்னார்கள் ஆய்வாளர்கள் டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெபெட்டியும். அவர்கள் பேசிய சொற்களையும், உமிழ்நீரில் இருந்த கார்டிசால் அளவையும் ஒப்பிட்டார்கள். கார்டிசால் என்பது மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஹார்மோன். காலையில் கூடுதலாக இருந்து, பொழுது போகப் போகக் குறைய வேண்டும். 'ஒரே குப்பை', 'இன்னும் முடியல' என்ற தொனியில் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசிய பெண்களுக்கு அது சரியாகக் குறையவில்லை. 2010-ல் வெளியான இந்த ஆய்வில், கணவர்களிடம் அதே தொடர்பு தெரியவில்லை.

இதை வைத்து 'குப்பையான வீடு நோய் தரும்' என்று முடிவு கட்டக் கூடாது. ஏற்கெனவே அழுத்தத்தில் இருப்பவருக்கு வீடு அப்படித் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வியை இது எழுப்புகிறது. ஒரே வீடு, ஒரே குவியல். அது ஏன் மனைவியின் உடம்பில் மட்டும் தெரிய வேண்டும்?

இது யாருடைய வேலை?

பதில் அமெரிக்காவில் தேட வேண்டியது இல்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சம்பளம் இல்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அப்படி ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அந்த 88 நிமிடமும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். அந்தப் பக்கமே போகாதவர்கள் அதில் சேரவில்லை.

நிமிடக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. நகவெட்டி எங்கே, ரேஷன் கார்டு எங்கே, பாப்பாவின் தடுப்பூசி அட்டை எங்கே என்று எல்லோரும் ஒருவரிடம்தான் கேட்கிறார்கள். வீட்டின் வரைபடம் அவர் தலைக்குள் இருக்கிறது. பொருளை எங்கே வைப்பது, எப்போது தூக்கிப் போடுவது என்கிற முடிவும் அவர் தலையில்தான் விழுகிறது. 'சொல்லு, என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்' என்று உதவிக்கு வருபவர்கூட, முடிவெடுக்கும் வேலையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

அதனால் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிய எந்த யோசனையும், 'யார் முடிவெடுப்பது' என்கிற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. உங்கள் வீட்டில் அம்மாவோ மனைவியோ 'எனக்கு மலைப்பா இருக்கு' என்று சொன்னால், அவர்களுக்கு அழகான டப்பா வாங்கிக் கொடுப்பது தீர்வு ஆகாது. ஒரு அலமாரியை முழுதாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன இருக்கணும், என்ன போகணும் என்பது உங்கள் தலைவலி. அவர்களிடம் கேட்கவும் கூடாது, அவர்கள் வந்து திருத்தவும் கூடாது.

போகியிடம் கற்றுக்கொள்ள வேண்டியது

நம் ஊரில் இதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. மார்கழி கடைசி நாள், போகி. சேலம், தருமபுரி, கொங்குப் பக்கங்களில் அன்றைக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டு வாசலிலும் வயலிலும் காப்புக் கட்டுவார்கள். அதற்கு முன்பே ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பானை சட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி, கிழிந்த பாயையும் உடைந்த முறத்தையும் கழித்துவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, தேதி குறித்தாகிவிட்டது. 'எப்போ செய்யலாம்' என்ற விவாதமே இல்லை. இரண்டாவது, வீட்டில் எல்லோரும் இறங்கியாகணும். ஒட்டடைக் கம்பு அப்பா கையில், பானை அம்மா கையில், சுண்ணாம்பு வாளி பிள்ளைகள் கையில். மூன்றாவது, முடிவு உண்டு. காப்புக் கட்டியதும் வேலை முடிந்தது, மறுநாள் பொங்கல். முடிகிற நேரம் தெரிந்த வேலை அந்த அளவுக்கு மலைப்பைத் தராது.

அதே போகியை இன்று அப்படியே செய்ய முடியாது என்பதும் உண்மை. அன்று கழித்தவை பாய், முறம், ஓலை. எரித்தாலும் சாம்பல்தான். இன்று கழிப்பவை பிளாஸ்டிக், ரெக்ஸின், தெர்மாகோல், ஒயர். இவற்றை எரித்தால் வருவது விஷப் புகை. புகையில்லாப் போகி கொண்டாடச் சொல்லித் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்வது அதனால்தான். தவிர, வாரம் ஒரு பார்சல் உள்ளே வருகிற வீட்டுக்கு வருஷத்தில் ஒரு நாள் போதாது. மாசத்துக்கு ஒரு சின்னப் போகி வேண்டும். இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு மணி நேரம். மணி அடித்ததும் நிறுத்திவிட்டு டீ.

சரி, எதை முதலில் எடுப்பது?

மலைப்பில் இருக்கிறவருக்கு முப்பது குறிப்புகள் கொடுத்தால் அதுவே இன்னொரு குவியல் ஆகிவிடும். வரிசை மட்டும் முக்கியம். யோசிக்கத் தேவை இல்லாத பொருளிலிருந்து, யோசிக்க வைக்கிற பொருளுக்குப் போக வேண்டும்.

முதலில் வழி. கதவிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் தடுக்காமல் நடக்க வேண்டும். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் ராத்திரி விழாமல் இருக்க இதுதான் முதல் வேலை. பொருள்களைச் சுவரோரம் நகர்த்தினால் போதும். இப்போதைக்கு எந்த முடிவும் வேண்டாம்.

இரண்டாவது, சந்தேகமே இல்லாத குப்பை. ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். காலி கவர், பிஸ்கட் உறை, எழுதாத பேனா, தேதி முடிந்த சாஸ் பாக்கெட். கையில் எடுத்து இரண்டு நொடிக்கு மேல் யோசிக்க வேண்டியிருந்தால் அந்தப் பொருளை அங்கேயே வைத்துவிடுங்கள். இந்தச் சுற்றுக்கு அது இல்லை.

மூன்றாவது, தண்ணீர் பட வேண்டியவை. பாத்திரம் சிங்குக்கு, துணி பக்கெட்டுக்கு. அன்றைக்கே துவைக்க வேண்டும் என்பது இல்லை. ஒரே இடத்தில் சேர்ந்தாலே ரூம் பாதி காலியாகிவிடும்.

நான்காவது, வீடு உள்ள பொருள்கள். அதாவது, ஏற்கெனவே ஓர் இடம் இருந்தும் அங்கே போகாமல் கிடப்பவை. கத்தரிக்கோல், திருப்புளி, சீப்பு. அவற்றை அவற்றின் இடத்துக்கு அனுப்புங்கள்.

இவ்வளவு முடிந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் உண்மையான முடிவுகள். இவற்றை ஒரே நாளில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு இழுப்பறை, ஒரு தட்டு, பதினைந்து நிமிடம். வேண்டியது, கொடுப்பது, கழிப்பது என்று மூன்று குவியல். எதிலும் சேராததை ஒரு பெட்டியில் போட்டு, மேலே இன்றிலிருந்து ஆறு மாசம் கழித்து வரும் ஒரு தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அந்தத் தேதி வரைக்கும் யாரும் அந்தப் பெட்டியைத் தேடிப் போகவில்லை என்றால், பதில் கிடைத்துவிட்டது. தள்ளிப்போடுவது தப்பில்லை. தேதி இல்லாமல் தள்ளிப்போடுவதுதான் பரணை நிரப்புகிறது.

போட்டோ ஆல்பம், பழைய கடிதம், இறந்துபோனவர்களின் துணி, இவை கடைசி. முதல் நாளே அதில் கை வைத்தால் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

டப்பா, ரேக், ஆர்கனைசர் வாங்குவதும் கடைசி. என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்று தெரிவதற்கு முன்னால் வாங்கிய டப்பா, குவியலில் இன்னொரு பொருள். அவ்வளவுதான்.

தாள்களுக்கு மட்டும் ஒரு தனி விதி: ஒரே பை. பத்திரம், பட்டா, சான்றிதழ், இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாம் அந்த ஒரு ஜிப் பையில். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், வீடு பளபளப்பாக இருக்கிறதா என்பது யாருக்கும் முக்கியம் இல்லை. அந்தப் பை கையில் கிடைக்கிறதா என்பதுதான் முக்கியம்.

'இரு கண்ணு, அது ஆகும்'

வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளை லீவுக்கு வந்ததும் வேகமாகப் பரணில் ஏறுகிறது. "அம்மா, இந்த அண்டாவைப் போட்டுடலாமா?" "இரு கண்ணு, அது ஆகும்." "எப்பம்மா ஆகும்? பத்து வருஷமா இங்கதான இருக்கு." அப்புறம் சண்டை. அம்மா முகம் வாடிவிடும். அண்டா பரணிலேயே இருக்கும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கையில் இருக்கும் பொருளுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு, கடையில் அதற்கு நாம் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையைவிடப் பெரும்பாலும் அதிகம். டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று அறிஞர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சிலருக்குச் சாதாரணக் காபிக் கோப்பையைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். கோப்பை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடங்கள் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி. நாற்பது வருஷம் முன்னால் தாத்தா கடன் வாங்கிச் செய்த சீருக்கு எப்படி இருக்கும்?

என் கருத்து இதுதான். அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் தூக்கிப் போடவே கூடாது. வீடு ஒருநாள் சுத்தமாகும், நம்பிக்கை போய்விடும். அடுத்த முறை அவர் ஒரு கிழிந்த துணியைக்கூட விடமாட்டார். உங்கள் பொருளிலிருந்து தொடங்குங்கள். டேப் பிரிக்காத அந்தப் பெங்களூரு பெட்டிகள் உங்களுடையவைதானே? அவற்றை முடித்துவிட்டு அம்மாவிடம் வாருங்கள். 'போட்டுடலாமா' என்று கேட்காமல், 'இது யாருக்குக் கொடுத்தா நல்லா இருக்கும்மா' என்று கேட்டுப் பாருங்கள். சொந்தத்தில் ஒரு கல்யாணமோ, கோயில் அன்னதானமோ இருந்தால், அண்டா தானாகப் படியிறங்கி வரும். பொருள் வீணாகவில்லை, அதன் வேலையைச் செய்யப் போகிறது என்று தெரிந்தால் பெரியவர்களுக்குக் கை விடும்.

வெளியே போவது எங்கே போகும்?

நிறையப் பேர் பாதியில் நிற்பது இங்கேதான். பிரித்துக் கட்டிய மூட்டை வாசலிலேயே இரண்டு மாசம் கிடந்து, திரும்ப உள்ளே வந்துவிடும். சின்ன ஊர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வாங்கிப் போக ஆள் இருக்கிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வியாபாரியின் வாரிசுகள் இன்றும் தெருவில் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பேப்பர், அட்டை, இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் அவர்களிடமோ பழைய இரும்புக் கடையிலோ எடைக்குப் போகும். பித்தளை, எவர்சில்வரைப் பாத்திரக் கடையில் பழசாகக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். துணியைத் துவைத்து மடித்துக் கொடுங்கள்; கிழிந்ததைக் கரித்துணி ஆக்குங்கள். நீங்கள் போடத் தயங்குகிற துணியை அடுத்தவருக்குத் தானம் என்று தள்ளாதீர்கள்.

மின்சாதனங்களுக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய டிவியின் பிக்சர் டியூபில் ஈயம் இருக்கிறது. உடைக்கக் கூடாது, செம்புக் கம்பிக்காக ஒயரை எரிக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், பழசைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிக்கும் நிறுவனங்கள் மேல் வைக்கின்றன. புது டிவியோ பிரிட்ஜோ வாங்கும்போது 'பழசை எடுத்துக்கிறீங்களா' என்று கடையில் கேளுங்கள். லேப்டாப், போனைக் கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் போட்டோ, ஆதார் நகல், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

தேதி முடிந்த மாத்திரை, பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா ஆகியவற்றைச் சாப்பாட்டுக் குப்பையோடு கலக்காதீர்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள். சட்டத்தை விடுங்கள். காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வரும் தூய்மைப் பணியாளர் அந்தப் பையைக் கையால்தான் பிரிக்கிறார். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. நம் வீடு சுத்தமாவதற்கு இன்னொருவர் கை கிழியக் கூடாது.

எவ்வளவு ஒழுங்கு போதும்?

வீட்டை ஒழுங்குபடுத்துவதையே ஓர் உலகளாவிய மோகமாக மாற்றியவர் ஜப்பானின் மேரி கொண்டோ. மனசுக்கு மகிழ்ச்சி தருகிற பொருளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்ற அவருடைய புத்தகம் பல நாடுகளில் விற்றுத் தீர்ந்தது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தது. மூன்றாவது குழந்தைக்குப் பிறகு, 2023 ஜனவரியில், வீட்டை எப்போதும் ஒழுங்காக வைப்பதைத் தானே ஓரளவு விட்டுவிட்டதாகவும், இப்போது பிள்ளைகளோடு இருக்கும் நேரம்தான் முக்கியம் என்றும் அவர் சொன்னார். பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நேர்மையான பேச்சாகப்படுகிறது.

ரேஷன் கார்டும் மண்ணெண்ணெய் விளக்கும் பார்த்து மகிழ்வதற்காக யாரும் வைத்துக்கொள்வது இல்லை. இருநூறு சதுர அடியில் ஐந்து பேர் வாழும் வீட்டில், ஒரு மூலையில் புளிச் சாக்கு இருப்பது ஒழுங்கின்மை ஆகாது. அது குடும்பம் நடத்துவது. போனில் வரும் வெள்ளை வீட்டை அளவுகோலாக வைக்காதீர்கள். மூன்று கேள்விகள் போதும். தடுக்காமல் நடக்க முடிகிறதா? வேண்டிய பொருள் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறதா? சொந்தக்காரர் திடீரென்று வந்தால் உட்கார ஒரு இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் உங்கள் வீடு ஒழுங்காக இருக்கிறது.

எப்போது உதவி கேட்க வேண்டும்?

சில சமயம் வீடு குவிவதற்குக் காரணம் நேரம் இல்லாததோ பொருள் கூடியதோ இல்லை. முன்பு நன்றாக இருந்தவர் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல், குளிக்க, சாப்பிடப் பிடிக்காமல், எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவம் ஆன தாய், வீட்டில் ஒருவரை இழந்தவர், வேலை போனவர் ஆகியோரிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களிடம் 'வீட்டைப் பாரு, எப்படி வெச்சிருக்க' என்று கேட்பது, காய்ச்சலில் இருப்பவரிடம் ஏன் உடம்பு சுடுகிறது என்று திட்டுவதுபோல.

எதையுமே கழிக்க முடியாமல், கழிக்கச் சொன்னாலே கடும் வேதனைப்பட்டு, சமையல் பண்ணவோ படுக்கவோ இடம் இல்லாத அளவுக்குச் சேர்த்துவைப்பது தனி நோய். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் கொடுத்தது. அதற்குச் சிகிச்சை உண்டு. ஆள் வைத்து வீட்டை ஒரே நாளில் காலி செய்வது சிகிச்சை ஆகாது; நிலைமையை இன்னும் மோசமாக்கும். இப்படிச் சந்தேகம் வந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண், தமிழிலும் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

மற்ற எல்லோருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு வேலை. முழு வீட்டையும் மறந்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் இன்னொருவரையும் கூப்பிட்டுக்கொண்டு, கதவிலிருந்து கட்டில் வரைக்கும் வழியை மட்டும் சரி பண்ணுங்கள். பதினைந்து நிமிடம். அடுத்த சனிக்கிழமை எந்த இழுப்பறை, யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மிச்சம் இருக்கும் குவியல் அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும். இவ்வளவு நாள் காத்திருந்தது, இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.